அக்காவின் வள்ளம்

எங்கள் கரையோரக் கிராமங்களில் ஒரு பெண் தலைமைத்துவக் குடும்பத்துக்கு வாழ்வாதார உதவி என்று ஏதாவது வந்தால், அது பெரும்பாலும் கோழிக்கூடு, ஆட்டுக்குட்டி, தையல் இயந்திரம் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சமூகப் பணியாளராக நானும் அந்தப் படிவங்களை எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். கோழியையும் ஆட்டையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூன்று தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த ஒரு வீட்டில், கணவன் கண்ணை மூடியவுடன் அந்தப் பெண்ணைக் கடலிலிருந்து பிரித்து ஆட்டுக்குட்டியோடு நிறுத்துவது என்ன நியாயம் என்ற கேள்வி, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்திலிருந்தே எனக்குள் உண்டு. அதற்கான பதிலைப் பாடநூல் சொல்லவில்லை. என் மூத்த சகோதரி சொன்னார். அவர் ஒரு பழைய வள்ளம் வாங்கினார்.

அத்தான் 2016இல் காலமானார். வருத்தமாய்க் கிடந்த காலத்திலேயே அவருடைய வள்ளமும் எஞ்சினும் மருத்துவச் செலவுக்கு விற்றுப் போய்விட்டன. பிறகு இரண்டு வருடம் அக்கா மற்றவர்களின் வலைகளில் நண்டு கழற்றினார். விடியற்காலை நான்கு மணிக்குக் கரைக்குப் போய், விரலெல்லாம் கீறலோடு பத்து மணிக்கு வீடு திரும்புவார். மூத்தவன், என் பெறாமகன், சாதாரணதரப் பரீட்சை எழுதிய கையோடு இன்னொருவர் படகில் கூலிக்கு ஏறினான். "தாய் கூலி, மகனும் கூலி எண்டால் இந்த வீட்டிலை ஆர் முதலாளி?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். அடுத்த மாதம் கைவளையல் இரண்டையும் விற்றார். சீட்டுக் காசையும் எடுத்தார். பதினெட்டரை அடி நீளமான ஒரு பழைய பைபர் வள்ளத்தை 90,000 ரூபாவுக்கும், 15 குதிரைவலுப் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றை 140,000 ரூபாவுக்கும் பேசி முடித்தோம். இது 2018இல்.

நுண்கடன் எடுக்கும்படி சொன்னவர்களும் உண்டு. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. காரணம் எளிமையானது. தவணைப் பணம் வாராவாரம் வாசலில் வந்து நிற்கும். கடல் வாராவாரம் தராது. வாடைக்காற்று தொடங்கினால் மாதக் கணக்கில் வள்ளம் கரையில் கிடக்கும். வருமானத்தின் ஓட்டமும் கடனின் ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்தில்தான் எங்கள் பெண்கள் பலர் கழுத்தில் கயிற்றைப் போட்டுக்கொண்டார்கள். நான் வேலை செய்யும் கிராமங்களில் இதை நேரில் கண்டிருக்கிறேன்.

வள்ளத்தை யார் பெயரில் பதிவது என்பதில் ஒரு சிறு போர் நடந்தது. மகனுக்கு அப்போது பதினெட்டு நிரம்பவில்லை. "கடலுக்குப் போகாத பெண்ணுக்கு வள்ளம் எதுக்கு? என்ரை பேரிலை பதிஞ்சால் சங்க அலுவலெல்லாம் நான் பார்ப்பன்" என்றார் அத்தானின் தம்பி. அவர் கெட்ட மனிதரல்லர். அப்படித்தான் வழக்கம். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எஞ்சின் பழுதானால் காசு ஆர் தாறது?" பதில் வரவில்லை. திணைக்களத்தில் அக்காவின் பெயரிலேயே பதிவு நடந்தது. அணியத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவை அவரே புதிதாகத் தீந்தையால் எழுதுகிறார். சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். வள்ளமோ அசையும் சொத்து. கணவன் உள்ள பெண்ணும் அதைத் தன் பெயரில் வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம். இதைச் சொல்லும்போது கூட்டங்களில் பெண்கள் நம்பாத மாதிரிச் சிரிப்பார்கள்.

இனி அந்தப் பழைய வள்ளத்தின் கதை.

எங்கள் அப்பா காரைநகர் சீநோரில் இளவயதில் தொழில் பழகியவர். சீநோர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நோர்வேக்காரரான ஆர்ன பியோர்டொஃப்டும், 1956இல் நோர்வேக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரமும் 1960களின் பிற்பகுதியில் தொடக்கிவைத்த கடற்றொழில் அபிவிருத்தித் திட்டம் அது. காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இருந்தன. யுத்தம் எல்லாவற்றையும் கலைத்தது. மரவேலையாகத் தொடங்கிப் பின்னர் பைபர் வேலைக்கு மாறிய அப்பாவின் கைகளில் மட்டும் அந்தப் படிப்பு மிஞ்சியிருந்தது.

வள்ளம் பார்க்கப் போன அன்று அவர் கையில் கொண்டுபோனது ஒரு சிறிய மரச்சுத்தியல் மட்டும். அணியத்திலிருந்து தொடங்கிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று தெளிவாகக் கேட்டது. சில இடங்களில் ஈரத் துணிமூட்டையில் தட்டியது போலச் சத்தம் அமுங்கியது. அங்கெல்லாம் சோக்கட்டியால் வட்டம் போட்டார். அமுங்கிய சத்தம் கேட்டால், நாரிழைப் படைகள் ஒன்றை விட்டு ஒன்று கழன்றிருக்கின்றன, அல்லது உள்ளே தண்ணீர் நிற்கிறது. பிறகு, பின்பக்கம் எஞ்சின் பூட்டும் பலகைக்குப் போனார். பூட்டியிருந்த எஞ்சினின் காலைப் பிடித்து மேலே தூக்கி அசைத்தார். பலகையும் கூடவே அசைந்தது. "பூச்சு புதுசு, பலகை பழசு" என்றார். வெளியே பளபளவென்று நீலப் பூச்சு. உள்ளே இருந்த ஒட்டுப்பலகையோ உக்கிப்போயிருந்தது. போல்ட் ஆணிகளுக்காகத் துளைத்த துவாரங்களின் ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் அந்த வழியாக உப்புத்தண்ணீர் பலகைக்குள் இறங்கும். பழைய பைபர் வள்ளங்களில் முதலில் சாகும் உறுப்பு இதுதான் என்பது அப்பாவின் அனுபவம். இதைக் காட்டித்தான் கேட்ட விலையில் 35,000 ரூபா குறைத்தோம்.

அந்த வள்ளம் 2004 டிசம்பர் 26இன் சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்டது. அந்த நாட்களில் கரையெங்கும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வள்ளங்கள் தேவைப்பட்டன. அவசரமாகக் கட்டப்பட்டவற்றில் சில தரம் குறைந்தவை என்ற கவலை அப்போதே எழுந்தது. உதவி செய்தவர்களின் மனம் பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாரிழையின் படைகளை எண்ணிப் பார்க்க மனம் மட்டும் போதாது. எங்கள் வள்ளத்தின் அடிப்பக்கம் தாராளமாகவே கட்டப்பட்டிருந்தது. பக்கச்சுவர்தான் மெல்லியது.

திருத்த வேலை வீட்டு முற்றத்தில் ஐந்து வாரம் நடந்தது. இருக்கைகளுக்குக் கீழே வள்ளம் மிதப்பதற்காக அடைக்கப்பட்டிருந்த நுரைப்பொருளை அறுத்து எடுத்தபோது அது பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற நிலையில் இருந்தது. கவிழ்ந்த வள்ளத்தை மிதக்க வைக்க வேண்டிய பொருளே அதை இரகசியமாகக் கனக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நனைந்ததையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு, மூடியுள்ள வெற்றுப் பிளாஸ்ரிக் கலன்களை இறுக்கமாக அடுக்கிக் கட்டினார் அப்பா. அது மலிவு. நனையாது. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

பைபர் வேலையில் அக்காதான் அப்பாவின் கையாள். பழுதான இடத்தைச் சுற்றியிருக்கும் நல்ல பகுதியையும் சரிவாகத் தேய்க்க வேண்டும். துவாரத்தின் அளவுக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் அது அடுத்த அலையில் மூடி போலக் கழன்றுவிடும். ஒட்டு அகலமாக, சரிவாக, படை படையாக ஏற வேண்டும். தேய்த்த இடம் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. ரெசினோடு ஹார்ட்னர் கலக்கும் அளவு நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். வேலை கெதியாக முடியட்டும் என்று கூட்டிவிட்டால் அது கொதித்து வெடிப்பு விழும். உச்சி வெயிலிலும் இதே கதைதான். ஆகவே காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவார்கள். அக்கா சமையலறைத் தராசில் நிறுத்து, கரண்டியால் அளந்து கலப்பார். "மா குழைக்கத் தெரிஞ்சவளுக்கு இது பெரிய வேலையே?" என்பார். உண்மையைச் சொன்னால் கையாட்களாக வந்த இளைஞர்களை விட அக்காவின் அளவுதான் சரியாக இருந்தது.

இந்த வேலையை வீட்டில் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஹார்ட்னரையும், கொபால்ட் எனப்படும் ஊதாநிறத் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. தேய்க்கும்போது பறக்கும் தூசி கண்ணாடித் தூசி. மூக்கையும் வாயையும் சரியான கவசத்தால் மூட வேண்டும். சேலைத் தலைப்பு போதாது. எங்கள் கரைகளில் குழந்தைகள் இந்தத் தூசிக்குள்ளேதான் விளையாடுகிறார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

எஞ்சின் கதை வேறு. அதற்கு எதிரி உப்பு. கடலுக்குள் இருந்து வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சி உள்ளே இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். இதைப் புத்தகத்தில் எழுதுவது சுலபம். எங்கள் பகுதியில் கிணறே உவர். குடிதண்ணீர் பவுசரில் வருகிறது. குடிக்கிற தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுவதா என்று மாமி முகம் சுளித்தார். அக்கா ஒரு வழி கண்டார். மாரிகாலத்தில் கூரைத் தண்ணீரைப் பெரிய பரலில் பிடித்து எஞ்சினுக்கென்றே ஒதுக்கினார். கோடையில் நான்கு நாளைக்கு ஒரு தடவையாவது ஒரு பாதிப் பரலில் எஞ்சினின் காலை இறக்கி ஓடவிடுவார்கள். அந்தத் தண்ணீரைச் சுமந்து கொண்டுபோவது பெண்கள்தான். வள்ளப் பராமரிப்பு ஆண்களின் வேலை என்று ஆய்வறிக்கைகளில் வாசிக்கும்போது எனக்கு அந்த வாளிகள்தான் ஞாபகம் வரும்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். நிறுத்துவதற்கு முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்பதைப் பலர் செய்வதில்லை. இரண்டு சொட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிக்கப் போய், மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் தேங்கிய எஞ்சினோடு அரைமணி நேரம் கயிறு இழுப்பார்கள். அடிப்பக்கக் கியர் ஒயிலை மாதம் ஒரு தடவை கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சிறிய சீலை மாற்றினால் தீர்ந்துவிடும் விடயம், கவனிக்காவிட்டால் கியர்ப்பெட்டியையே தின்றுவிடும். எஞ்சின் காலில் பூட்டியிருக்கும் நாகத்துண்டு, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே இருக்கிறது. பாதி தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதன் மேல் தீந்தை பூசினால் அது இருந்தும் பயனில்லை. நாங்கள் வாங்கிய எஞ்சினில் முன்னைய உடைமையாளர் அதற்கும் அழகாக நீலம் அடித்து வைத்திருந்தார்!

ஆனால் வள்ளத்தை உயிரோடு வைத்திருப்பது ரெசினும் ஒயிலும் மட்டுமல்ல, கணக்கும்தான். எங்கள் ஊர் வழக்கப்படி ஓடும் செலவைக் கழித்த பிறகு வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிய ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இது ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலான வீடுகளில் வள்ளப் பங்கும் மகனின் பங்கும் ஒரே சட்டைப் பையில் விழுந்து ஒரே நாளில் கரைந்துவிடும். பிறகு எஞ்சின் நின்ற அன்று ஓடுவது வட்டிக்காரரிடம். அக்கா முதல் நாளிலிருந்தே வள்ளப் பங்கை வேறாக்கினார். அதற்கென்று ஒரு வங்கிப் புத்தகம். "இது என்ரை காசில்லை, வள்ளத்தின்ரை காசு" என்று அவர் சொல்வதைப் பகிடியாக எடுக்கக் கூடாது. கணக்காளர்கள் பெறுமானத் தேய்வு என்று பெரிய பெயரில் சொல்வதைத்தான் அவர் சொல்கிறார். மகளின் சாமத்தியச் சடங்குக்குக் கூட அதில் கைவைக்கவில்லை. அதற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

2022 வந்தபோது அந்தப் புத்தகம்தான் வீட்டைக் காப்பாற்றியது. முதலில் எரிபொருளே இல்லை. வரிசைகளில் கலன்கள்தான் காத்துக் கிடந்தன. வாரக் கணக்கில் வள்ளங்கள் மணலில். ஓகஸ்ற் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. ஏற்கனவே இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அள்ளிக்கொண்டு போகும் துயரம் ஒருபக்கம். 2017இல் இங்கே இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தும் எங்கள் வலைகளுக்கு அதனால் பெரிய காவல் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பெறாமகனுக்குப் பெரிய எஞ்சின் ஆசை பிடித்தது. 25 குதிரைவலு. எல்லோரும் போடுகிறார்களாம். கெதியாகப் போய்க் கெதியாக வந்தால் சந்தையில் நல்ல விலையாம். அக்கா மறுத்துப் பேசவில்லை. ஒரு கொப்பியை எடுத்து வைத்தார். முழு வேகத்தில் இந்த வகைப் பழைய எஞ்சின், ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். 15 என்றால் ஏழரை லீற்றர், 2,550 ரூபா. 25 என்றால் பன்னிரண்டரை லீற்றர், 4,250 ரூபா. "இந்த 1,700 ரூபாவுக்கு ஒரு மணித்தியாலத்திலை எத்தினை கிலோ நண்டு கூடப் பிடிப்பாய், சொல்லு?" அவன் என்னைப் பார்த்தான். "சித்தி, நீங்கள் சொல்லுங்கோ அம்மாவுக்கு" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். அதைவிட, பாரமான எஞ்சினைத் தாங்க அந்தப் பின்பலகையும் பக்கச்சுவரும் கட்டப்படவில்லை என்று அப்பா சொன்னதோடு பேச்சு நின்றது. ஒருவேளை அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கலாம். தூரத்துக்குப் போகிறவர்களுக்கு வேகமும் பாதுகாப்புத்தான். ஆனால் அவன் தொழில் செய்வது களப்பை அண்டிய கடலில்.

அடுத்த ஆசை ஒரு சின்னக் கபின். இரவு முழுக்க வலையைப் பார்த்துக்கொண்டு பனியிலும் மழையிலும் கிடப்பவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்பதை யார் மறுப்பது? அவனோடு தொழிலுக்குப் போகும் பொடியனுக்கு இழுப்பும் உண்டு. பலகையால் ஆளுயரத்துக்குக் கூண்டு அடிக்கத்தான் முதலில் நினைத்தான். ஒடுங்கிய சிறு வள்ளத்தில் உயரத்தில் பாரம் ஏற்றினால் அது ஆடிக் கவிழப் பார்க்கும். காற்றும் அதைப் பாய் போலப் பிடித்துத் தள்ளும். கடைசியில் அணியத்துப் பக்கம் இடுப்பளவு உயரத்தில், பிளாஸ்ரிக் குழாயை வளைத்துத் தறப்பாள் போட்டு, காற்று எழும்பினால் ஒரே நிமிடத்தில் மடக்கிக் கட்டக்கூடிய ஒரு குடில் செய்தார்கள். உட்காரலாம், குறுக்கிப் படுக்கலாம், பிளாஸ்க்கில் தேத்தண்ணி வைக்கலாம். செலவு 9,000 ரூபாவுக்குள். இரண்டு பேருக்கு அது மாளிகை.

வள்ளப் புத்தகத்திலிருந்து பெரிய தொகை எடுத்தது வேறு பொருட்களுக்கு. இரண்டு உயிர்காப்பு அங்கிகள், கையடக்க ஜி.பி.எஸ். கருவி, தண்ணீர் புகாத ரோச், தொலைபேசிக்கு நீர்புகா உறை. மேலதிகப் பிளக்குகளும் இரண்டு துடுப்பும் எப்போதும் வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அங்கியை முதலில் மகன் போடவில்லை. வலை இழுக்கும்போது இடைஞ்சலாம், மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவில் வள்ளத்தைக் கரைக்கு மேலே இழுத்துத் தென்னையில் கட்டியவர்களில் அவனும் ஒருவன். இழுக்க ஆள் கிடைக்காத சில வள்ளங்கள் காலையில் எப்படிக் கிடந்தன என்று கண்டவன். ஆனாலும் அங்கி விடயத்தில் மனம் மாறவில்லை. கடைசியில் அக்கா கடுமையாக ஒன்று செய்தார். அங்கி போடாத நாளில் வள்ளப் பங்கு இரட்டிப்பு என்று விதி வைத்தார். வள்ளம் அவருடையதல்லவா? உடைமையாளர் என்ற முறையில் அவருக்கு அந்த உரிமை உண்டு. தாயாக மட்டும் இருந்து கெஞ்சியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான் என்பது என் அபிப்பிராயம். இப்போது அங்கியோடுதான் போகிறான். சிரித்தவர்களில் இருவரும் வாங்கியிருக்கிறார்கள்.

சென்ற வருடம் எங்கள் கிராம மீனவர் அமைப்பின் கூட்டத்தில் அக்கா முதல் தடவையாக வள்ளச் சொந்தக்காரியாக எழுந்து பேசினார். இறங்குதுறையில் பகிர்ந்து பயன்படுத்த ஒரு நன்னீர்த் தாங்கி வேண்டும் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்து யாரோ, "எஞ்சின் குளிக்கவோ?" என்று பகிடி விட்டார்கள். "ஓம், எஞ்சின் குளிக்கத்தான். வட்டிக்குக் காசெடுத்து வாங்கினது உங்கடை எஞ்சினும்தானே" என்றார் அக்கா. தாங்கி இன்னும் வரவில்லை. ஆனால் கூட்டக் குறிப்பில் அந்தக் கோரிக்கை ஏறியிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நண்டு கழற்றும் பெண்கள் ஆறு பேரைத் தன்னோடு அழைத்துப் போகப் போகிறார்.

வாடை தொடங்குவதற்கு முன்னர் இந்த வருடம் பக்கச்சுவருக்கு உள்ளிருந்து ஒரு படை நாரிழை போட வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. கதிரையில் இருந்தபடி சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்வார். வட்டம் போடுவதும் தேய்ப்பதும் கலப்பதும் அக்கா. ரெசின் வாங்கி நிழலில் வைத்தாயிற்று. ஹார்ட்னர் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு அக்காவின் இடுப்பில்.